நோ காஸ்ட் இஎம்ஐ: அந்த வட்டியை யார் கட்டுறாங்க?

நம்ம செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல ஒரு விதி இருக்கு. நெல் மூட்டை கொண்டு வர்ற விவசாயிகிட்ட கமிஷன் பிடிக்கக் கூடாது. 1% சந்தைக் கட்டணத்தை வாங்குற வியாபாரிதான் கட்டணும். அந்த வியாபாரி விலை கேக்கும்போதே அந்த 1 ரூபாயையும் மனசுல வச்சுத்தான் கேப்பார், அது வேற விஷயம். ஆனா யார் கட்டுறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

இப்போ அதே ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடைக்குள்ள போறீங்கன்னு வச்சுக்குவோம். போன் 24,000 ரூபாய். "நோ காஸ்ட் இஎம்ஐ சார், மாசம் 4,000, ஆறே மாசம், வட்டியே இல்ல!" ஆறு நாலு இருபத்து நாலு. கணக்கு சரியாத்தானே இருக்கு?

வட்டி இல்லாம எந்த பேங்கும் கடன் தராது. உங்க கிரெடிட் கார்டு பேங்க் 16% வட்டி போடுதுன்னு எடுத்துக்கலாம். ஆறு மாசத்துக்கு வட்டி சுமார் 1,082 ரூபாய். கடையோ கம்பெனியோ அந்தத் தொகையை முதல்லயே டிஸ்கவுண்டா கழிச்சு, உங்க பேர்ல 22,918 ரூபாய்க்குத்தான் கடன் போடுறாங்க. வட்டி சேர்ந்து திரும்ப 24,000 ஆகிடுது. அதாவது வட்டி இருக்கு, பில்லுல வேற பேர்ல இருக்கு.

இதுவரைக்கும் உங்களுக்கு நஷ்டம் இல்ல. இனிமேதான் இருக்கு. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. டிஸ்கவுண்ட் வட்டிக்கு மட்டும்தான், இந்த வரிக்கு இல்ல. அது 195 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்தா 235. ஆக 430 ரூபாய் எக்ஸ்ட்ரா.

பெரிய அடி இதுவும் இல்ல. "மொத்தமா பணமா கொடுத்தா எவ்வளவு?"ன்னு கேட்டுப் பாருங்க. கடைக்காரர் 22,500-க்கு இறங்கி வந்தார்னா, இஎம்ஐ-ல நீங்க கட்டுற 24,430-க்கும் அதுக்கும் 1,930 ரூபாய் வித்தியாசம். மாசா மாசம் அசலும் குறையுறதால, இது வருஷத்துக்கு கிட்டத்தட்ட 29% வட்டிக்குச் சமம். பர்சனல் லோனே இதைவிட சீப்பா கிடைக்கும்!

ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, வட்டியை பிராசஸிங் ஃபீஸுக்குள்ள ஒளிச்சு வைக்கிறாங்கன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே பேங்குகளுக்கு எழுதிடுச்சு. பேரு மாறிச்சு, விளம்பரம் நிக்கல.

கார்டு இல்லாம ஃபைனான்ஸ் கம்பெனி மூலமா கடன் போட்டா வட்டிக்கு ஜிஎஸ்டி இல்ல. ஆனா பிராசஸிங் ஃபீஸுக்கு உண்டு. அங்க கையெழுத்துக்கு முன்னாடி, எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி விகிதம் போட்ட முக்கிய விவர அறிக்கையை அவங்க உங்களுக்குக் கொடுத்தே ஆகணும். 2024 அக்டோபர் 1-லேர்ந்து இது கட்டாயம். கிரெடிட் கார்டுக்கு இது பொருந்தாது, அங்க நாமதான் கணக்குப் போடணும்.

அப்போ நோ காஸ்ட் இஎம்ஐ எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். ரொக்க விலையும் அதே 24,000-தான், பிராசஸிங் ஃபீஸும் இல்லன்னா, செலவு அந்த 195 ரூபாய் மட்டும்தான். கையில இருக்குற பணம் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல கிடந்தாலே கிட்டத்தட்ட அந்த அளவு வட்டி வந்துடும். ஆனா ஒரு தவணை தவறினாலும் லேட் ஃபீஸ்ல இந்தக் கணக்கு மொத்தமும் கவிழ்ந்துடும். அதனால சம்பளம் வர்ற தேதிக்கு அப்புறமா டியூ தேதி இருக்கான்னு பில் போடுறதுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க.