படச்சுருள் காத்த வாழ்வு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழகமும் ஆந்திரமும் கூடுமிடத்தில், பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. அதன் கரையூர் மீனவர், மீன்பிடிக்கும் இடங்களைப் ‘பாடு’ என்னும் வழக்கத்தால் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்து கொள்வர். இருளர் குலத்துப் பெண்டிர், பனையோலைப் பறியைப் பல்லாற் கவ்விக்கொண்டு, ஆழமற்ற நீரில் அமர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். விரல்களின் அந்நுட்பத்தை ஏட்டில் எழுதி விளக்க இயலுமோ? கண்டாலன்றி விளங்காத தொழில்கள் உலகிற் பல. அவற்றைக் கண்முன் நிறுத்த வல்லது அசையும் படமே.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவருள் ஒருவர் ஹாடன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் 1888 இல் கடல்வாழ் உயிர்களை ஆராயும் பொருட்டு, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றார். அங்குக் கடலை நம்பி வாழ்ந்த மக்களின் பழைய வழக்கங்கள் விரைந்து மறைவதைக் கண்டு கவன்றார். 1898 இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் குழுவுடன் மீண்டும் சென்றபோது, அசையும் படக் கருவி ஒன்றையும் உடன் கொண்டு சென்றார். திரைப்படம் மக்கள் முன் தோன்றி மூன்றாண்டுகூட நிறையாத காலம் அது. ஹாடன் படத்தொழிலை வாழ்வாகக் கொண்டவரும் அல்லர். எனினும், மெர் தீவினர் கோல் கடைந்து தீ மூட்டுவதையும், கூடி ஆடுவதையும் அவர் படமெடுத்தார். ஆடலுக்குரிய பழைய முகமூடிகள் அதற்குள் இல்லாதொழிந்தமையால், தீவினர் அட்டையால் புதியன செய்து ஆடினர். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கு நிமிடப் படமே. ஆயினும், அத்தீவினரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் உயிரோடு அசைவதை அதிற் காணலாம் அன்றோ!

படம் எடுத்தல் ஒரு பணி. எடுத்ததைத் தேடித் தொகுத்தல் மற்றொரு பணி. இரண்டாம் பணிக்குச் சான்றாக விளங்குபவர் நம் தமிழர் ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911 இல் பிறந்த அவர், காந்தியடிகளைப் பற்றிய படமொன்று உருவாக்க 1937 இல் உறுதி பூண்டார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, பல நாடுகளிற் பலர் எடுத்துச் சிதறிக் கிடந்த 50,000 அடிப் படச்சுருளைத் தேடித் தொகுத்தார். படம் 1940 இல் வெளிவந்தது. அத்துணை அரும்பாடுபட்டு ஆக்கிய படமும் பின்னர்ப் பல்லாண்டு காணக் கிடைக்கவில்லை! அதன் ஆங்கிலப் படியொன்று அமெரிக்காவிலேயே கண்டெடுக்கப்பட்டது.

இதற்குக் காரணம் யாது? பழைய படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது; வெப்பமும் ஈரமும் பட்டால் நைந்து பொடியாவது. தென்னகத்தின் முதற் கதைப்படமாகிய ‘கீசக வத’மும் இன்று இல்லை. இத்தகைய இழப்பைத் தடுக்கவே 1964 இல் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. எனினும், புகழ்பெற்ற படங்களைத் தேடுவார் உளர். ஒரு சிற்றூரின் வலைத்தொழிலைக் காட்டும் படத்தை அவ்வூரார் காவாவிடின் வேறு யார் காப்பர்?

மாணவர்களே! அன்று அரிதாயிருந்த படக்கருவி இன்று கைபேசியில் அடங்கிவிட்டது. உங்கள் ஊர்த் தொழிலையும், முதியோர் கைத்திறனையும், அவர்தம் இசைவு பெற்றுப் பதிவு செய்யுங்கள். பெயரும் ஊரும் நாளும் குறிக்கப்பெறாத படம் பின்வருவோர்க்கு ஊமைப் படமே. ஆதலின் அவற்றைத் தவறாது குறியுங்கள். படி ஒன்றைப் பள்ளியிலும் வைத்துப் பேணுங்கள். எடுப்பது ஒரு நாட்பணி. காப்பது தலைமுறைப் பணி.