பழைய வண்டியா, புது வண்டியா?

குழுவின் லோடு வண்டி அடிக்கடி ஒர்க்‌ஷாப்பில் நிற்குதா? "வித்துட்டு புதுசு வாங்கலாம்" என்று உடனே தீர்மானம் போடாதீர்கள். முதலில் நோட்டை எடுங்கள்.

12 மாத ரிப்பேர் செலவையும், வண்டி ஓடாத நாட்களில் போன வாடகையையும் கூட்டுங்கள். உதாரணமாக 48,000 + 18,000 = 66,000 ரூபாய். மாதத்துக்கு 5,500. புது வண்டித் தவணை மாதம் 13,000 என்றால் இப்போதைக்குப் பழசே போதும்.

இன்ஜின் வேலை வருஷாவருஷம் வராது. அதைத் தனியாக எழுதுங்கள். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கணும், அந்தச் செலவையும் சேருங்கள்.

சேஸிஸ் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தால் கணக்கே வேண்டாம், மாற்றிவிடுங்கள். உயிர்தான் பெரிசு!

கடனைக் கட்டப்போவது நாம்தான். கூட்டத்தில் எல்லோரும் கணக்கைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம்!