ஆறுதலும் ஆற்றுதலும்

முன்னுரை

உடற்புண்ணைப் பிறர் காண்பர். உள்ளப்புண்ணை உற்றவரே அறிவர். போர், தீ, வெள்ளம், வன்கொடுமை ஆகியவற்றில் உயிர் பிழைத்தோர் பலர் உறக்கம் இழந்தும் அச்சம் நீங்காமலும் வருந்துகின்றனர். அவர்க்கு உதவும் நெறி ஒரு நூற்றாண்டில் மாறிவந்த வகையினை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஒறுத்த காலம்

முதல் உலகப் போரில், உடலிற் காயமின்றியே பேச்சிழந்தும் நடுங்கியும் வீழ்ந்த வீரர் பலர். 1915-இல் ஆங்கில உளவியலறிஞர் சார்லஸ் மையர்ஸ் இந்நிலையைக் 'குண்டு அதிர்ச்சி' என்னும் பெயரால் மருத்துவ இதழொன்றில் விளக்கினார். ஆயினும் படைத்தலைவர் பலர் இதனைக் கோழைமை என்றே கருதினர். இலண்டனில் இயலாண்ட் என்னும் மருத்துவர், பேச்சிழந்தவரின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைக்க முயன்றார். படையை விட்டோடுதல், கோழைமை முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்க்கு 2006-இல்தான் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது.

பேசவைத்த காலம்

அதே போர்க்காலத்தில், எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் பணியாற்றிய ரிவர்ஸ் மாற்று நெறி கண்டார். கொடிய நினைவை அடக்கவும் வேண்டா, அதிலேயே உழலவும் வேண்டா. தாங்கும் அளவில் எதிர்கொள்க என்பதே அவர் 1917-இல் ஆற்றிய உரையின் சாரம். வியத்நாம் போருக்குப் பின், 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இத்துன்பத்தைத் தனி நோயாக ஏற்றது.

பின்னர் வேறொரு மிகை தோன்றியது. பேரிடர் நிகழ்ந்த சில நாள்களிலேயே, பிழைத்தோரை அமரவைத்து நடந்தவற்றையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லச் செய்யும் முறை பரவியது. தீக்காயமுற்றோரிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 13 மாதங்களுக்குப் பின் இம்முறைக்கு உட்பட்டோருள் நூற்றுக்கு 26 பேரும், உட்படாதோருள் 9 பேரும் நோயுற்றிருந்தனர். முன்னவர்க்குக் காயம் மிகுதி என்பதும் உண்மையே. எனினும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2002-ஆம் ஆண்டு மதிப்பீடும் இம்முறையால் பயன் விளைந்ததாகக் காணவில்லை.

இன்றைய நெறி

உலக நலவாழ்வு நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு 'நோக்குக, கேட்க, இணைக்க' என மூன்று செயல்களைக் கூறுகிறது. காப்பிடமும் உணவும் உறவினரின் தொடர்பும் முதலில் வேண்டும். பேசுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. மாதம் கடந்தும் துன்பம் நீங்காதார்க்குப் பயிற்சி பெற்றோரின் துணையுடன் அந்நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளும் மருத்துவம் பயன் தருகிறது.

முடிவுரை

'ஆறுதல்' தன்வினை, 'ஆற்றுதல்' பிறவினை. புண் ஆறுகிறது, நாம் அதற்கு மருந்திட்டு ஆற்றுகிறோம். ஆயினும் ஆற வேண்டியது புண்ணே. அதனைக் கிளறி விரைவுபடுத்த இயலாது. வாய்மூடச் செய்தோரும் வாய்திறக்கக் கட்டாயப்படுத்தியோரும் மறந்தது இதனையே. எனவே, துயருற்று வகுப்பிற்குத் திரும்பும் மாணவரிடம் 'நடந்ததைச் சொல்' என வற்புறுத்தாது, உண்டாரா, உறங்கினாரா என வினவுவோம். அவர் பேசும் நாளில் செவி கொடுப்போம்.