காட்டோரம் கற்ற பாடம்



சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய ஊர்களில் நம் உறுப்பினர்கள் பலர் கிழங்கு தோண்டுகிறார்கள், ஆடு வளர்க்கிறார்கள். அங்கே வேட்டைத் தடுப்புக் காவலராக உள்ள அண்ணன் ஒருவர் அந்த மலையிலேயே பிறந்தவர். அவரோடு காட்டோரம் நடந்து இரண்டு செடிகளைப் பற்றிக் கற்றோம்.

1. கண்வலிக்கிழங்கு

இதுதான் செங்காந்தள், நம் மாநில மலர். பூ தீக்கொழுந்து மாதிரி இருக்கும். செடி முழுக்க விஷம், கிழங்கும் விஷம்தான். வேகவைத்தாலும் போகாது.

பூ இல்லாதபோது எப்படிக் கண்டுபிடிப்பது? இலை நுனியைப் பாருங்க. கண்வலிக்கொடியின் இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும். வள்ளிக்கொடிக்கு அப்படி இருக்காது, தண்டாலேயே சுற்றி ஏறும். கொடி காய்ந்துபோய் அடையாளம் தெரியவில்லையா? தோண்டவே வேண்டாம்.

யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க. உடனே 108-ஐ அழையுங்கள். மிச்சக் கிழங்கையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. உண்ணிச்செடி

வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று காட்டில் புல்லை அமுக்கிவிட்டது. புல் கிடைக்காத கோடையில் ஆடுமாடு இந்தத் தழையைக் கடிக்கும். ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகும். வெயில் பட்டால் தோல் புண்ணாகும். நிழலில் கட்டிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடு செத்தாலும் குழுக்கடனைக் கட்டித்தானே ஆகணும்!

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

* நம் ஊரில் இந்தச் செடிகள் எங்கே இருக்கின்றன? என்ன பேர் சொல்கிறோம்?
* நம் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியுமா?