போக்கியத்திற்கு விட்ட வீடும் வருமான வரியும்

பணிக்காலச் சேமிப்பைக் கொண்டு மாடியில் ஒரு பகுதியைக் கட்டி, அதன் வருவாயை முதுமைக்கு ஆதாரமாகக் கொள்ளும் சிறு உரிமையாளர்கள் பெங்களூருவில் ஏராளம். இவர்களில் பலர், மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டைப் போக்கியத்திற்கு விடுகின்றனர். குடியிருப்பவர் வாடகை தருவதில்லை. தவணை முடிந்ததும் தமது தொகையைத் திரும்பப் பெறுகிறார். வாடகையே இல்லாதபோது வரியும் இல்லை என்று உரிமையாளர்கள் கருதுகின்றனர். இது சரியன்று.

ஆண்டு மதிப்பு

கைக்கு வந்த வாடகையை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. வீட்டை விட்டால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையையும் அது கருத்திற்கொள்கிறது. இக்கோட்பாடு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இருந்தது. 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் தொடர்கிறது. எனவே போக்கிய வீட்டிற்கும் ஆண்டு மதிப்பு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு: இதே போன்ற வீட்டிற்கு அப்பகுதியில் மாத வாடகை ரூ. 20,000 எனில், ஆண்டிற்கு ரூ. 2,40,000. உரிமையாளர் அவ்வாண்டில் செலுத்திய சொத்து வரி ரூ. 10,000 போக எஞ்சுவது ரூ. 2,30,000. பழுதுபார்ப்பு முதலியவற்றிற்காக இதில் 30 சதவீதம், அதாவது ரூ. 69,000, கழிக்கப்படும். உண்மைச் செலவு கூடினாலும் குறைந்தாலும் இக்கழிவு மாறாது. மீதி ரூ. 1,61,000 வருமானமாகும். வாடகைக்கு விட்டவருக்கும் போக்கியத்திற்கு விட்டவருக்கும் இத்தொகை ஒன்றே. வேறுபாடு யாதெனில், முன்னவரிடம் வரி கட்டப் பணம் வந்திருக்கும். பின்னவர் வேறு வருவாயிலிருந்து கட்ட நேரிடும்.

தொகையும் வட்டியும்

போக்கியத் தொகை திருப்பித் தரவேண்டியதாதலால் வருமானமாகாது. அதை வங்கியில் இட்டால் கிடைக்கும் வட்டியோ தனி வருமானம். வீட்டுக் கடனை அடைக்கப் பயன்படுத்தினால் வட்டிச் செலவு குறையும். அதனுடன் வாடகை வருமானத்திலிருந்து கழிக்கத்தக்க வட்டியும் குறையும். இவ்விரண்டையும் கணக்கிட்ட பின்னரே போக்கியமா, வாடகையா என முடிவு செய்தல் நன்று.

கவனிக்கத்தக்கவை

ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனையோ வைப்புத் தொகையையோ ரொக்கமாகப் பெறுவதும் திருப்பித் தருவதும் தடை செய்யப்பட்டுள்ளன. மீறினால் அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். பத்து லட்சம் ரூபாயை ரொக்கமாக வாங்கியவர், வாழ்நாள் சேமிப்பையே இழக்கும் நிலைக்கு ஆளாகக்கூடும். ஆகவே வங்கி வழியே பரிமாறுவதே பாதுகாப்பு. ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தலும் கட்டாயம்.

பெங்களூருவில் 2008-இல் அறிமுகமான அலகுப் பரப்பு முறை, பிறர் குடியிருக்கும் வீட்டிற்குச் சொந்த உபயோக வீட்டினும் உயர்ந்த வீதத்தை விதித்தது. வீதத்தைக் குறைக்கும் பொருட்டுச் சொந்த உபயோகம் எனக் காட்டுவோர், வருமான வரிக் கணக்கில் அதே வீட்டை வாடகை வீடாகக் காட்டும்போது முரண்பாட்டில் சிக்குவர். இரு கணக்குகளும் ஒத்திருப்பதே சிறு உரிமையாளருக்கு உற்ற துணை.