மரியாதையும் மதிப்பும்

'மரியாதை' வடமொழியிலிருந்து வந்த சொல்; எல்லை, கரை என்பன அதன் பழைய பொருள்கள். 'மதிப்பு', 'மதி' என்னும் வினையடியில் பிறந்தது. அளவிடுதல் என்றும் பொருள்படும். மரியாதை முன்பின் தெரியாதவருக்கும் காட்டலாம். மதிப்பதற்கு, அவர் யாரென அறிய வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளுக்கு வந்தபோது, ஊரார் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டுச் சோறாக்கிக் கொடுத்தார்கள். அது மரியாதை, சின்ன விடயமல்ல.

மன்னாரிலிருந்து வந்த என் உம்மம்மா, அங்கே பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். இங்கே வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார். காண்போர் இன்றும் ஸலாம் சொல்லி, 'அகதி உம்மா' என்று அன்பாகத்தான் அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

போன நோன்பில் பக்கத்து வீட்டு ராத்தா தன் மகளை ஓத அனுப்புவதாகச் சொன்னார். அன்று உம்மம்மா வெள்ளென எழும்பி, முற்றத்தைக் கூட்டிவிட்டுக் காத்திருந்தார்.