லைட் அடித்தால் “வா” என்று அர்த்தமா?



இம்முறை நமது பாடம் சைக்கிளைப் பற்றியது. “இந்த மலையில யாருங்க சைக்கிள் ஓட்டுறா?” என்று சிலர் கேட்கலாம். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டும் இறக்கத்தில் பறந்துகொண்டும் நம் பிள்ளைகள் ஓட்டத்தான் செய்கிறார்கள். தோட்டத்துப் பாதையில் விழுந்தால் முழங்கால் தேயும், அவ்வளவுதான். அந்தப் பாதை மெயின் ரோட்டில் போய் முட்டுகிற இடத்தில்தான் உயிருக்கு ஆபத்து.

ஹல்துமுல்லை வழியாகப் போகும் ஏ-4 வீதி கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை, வெல்லவாய ஊடாக மட்டக்களப்பு வரை நீளுகிறது. பதுளை – கொழும்பு பஸ்களும், அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறி லொறிகளும் இரவு பகலாக ஓடும் பாதை அது. கடைக்கும், ஸ்கூலுக்கும், ஆஸ்பத்திரிக்கும் போக நாம் அதைக் கடந்துதான் ஆகவேண்டும்.

நடந்த சம்பவம்

எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பின்னேரம் ரியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தான். நல்ல மூடுபனி. ரோட்டோரத்தில் ஒழுங்காகத்தான் நின்றான். மேலேயிருந்து ஒரு லொறி வந்தது. சாரதி ரெண்டு தரம் லைட் அடித்தார். பையன் சைக்கிளை மிதித்தான். லொறி நிற்கவில்லை. பின்சில்லில் பட்டு, சைக்கிள் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். தொடை எலும்பு முறிந்தது. அந்த வருஷம் பரீட்சை எழுத முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நாங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது அந்தச் சாரதியும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வயசானவர். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பையன் சொன்னான்: “லைட் அடிச்சாரு ஐயா. போன்னு சொல்றாருன்னு நெனச்சேன்.”

சாரதி சிங்களத்தில் சொன்னார்: “லைட் அடிச்சேனே மாத்தயா! நான் வாறேன், நில்லுன்னுதானே அடிச்சேன்.”

ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே வெளிச்சம், ரெண்டு அர்த்தம். அதற்கு நடுவில் ஒரு கால் முறிந்தது.

பிறகு பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். “வண்டிக்காரர் லைட் அடிச்சா என்னா அர்த்தம்?” பாதிப் பேர் “போ” என்றார்கள். பாதிப் பேர் “நில்லு” என்றார்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரத் தம்பியைக் கேட்டோம். “நான் ரெண்டுக்குந்தான் ஐயா அடிப்பேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

முதல் பாடம்: வெளிச்சம் அனுமதி அல்ல

நம் நாட்டில் பெரும்பாலான சாரதிகள் “நான் வருகிறேன், குறுக்கே வராதே” என்பதற்குத்தான் லைட் அடிக்கிறார்கள். சிலர் இரக்கப்பட்டு, “நீ போ” என்றும் அடிப்பார்கள். எதிரே வரும் வண்டிக்கு அடித்த லைட்டாகவும் அது இருக்கலாம். ரோட்டோரத்தில் நிற்கும் நமக்கு எது எதுவென்று தெரியாது.

இது நமக்கு மட்டும் உள்ள குழப்பம் அல்ல. பிரித்தானியாவின் வீதி விதி நூலும் இதையே சொல்கிறது: லைட் அடிப்பது “நான் இங்கே இருக்கிறேன்” என்று தெரியப்படுத்த மட்டுமே. அதை வா என்ற அழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே லைட்டை நம்பாதீர்கள். ஹோர்னையும் நம்பாதீர்கள். சாரதி கை காட்டினாலும் அவசரப்படாதீர்கள். அவர் நின்றாலும் பின்னால் வருகிறவர் முந்திக்கொண்டு வரலாம். வண்டியின் சில்லு நின்றுவிட்டதா என்று பாருங்கள். சில்லு பொய் சொல்லாது.

இரண்டாம் பாடம்: நாம் பார்த்தால் அவரும் பார்த்தாரா?

லொறி பெரியது, நமக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால் நாமும் அவருக்குத் தெரிவோம் என்று நினைக்கிறோம். அது தப்புக் கணக்கு.

நம் நாட்டு வண்டிகளில் சாரதி வலது பக்கம் உட்காருகிறார். ஆகவே வண்டியின் இடது பக்கம் ஒட்டிப் போகிற சைக்கிள் அவருக்குச் சரியாகத் தெரியாது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அந்தச் சைக்கிள் உள்ளே அகப்பட்டுவிடும். லொறி, பஸ் சாரதி உயரத்தில் இருப்பதால், முன்பக்கத்தை ஒட்டி நிற்கும் சின்னப் பிள்ளையும் தெரியாது. முன் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் உள்ள தூண்களும் மறைக்கும். வளைவில் திரும்பும்போது ஒரு சைக்கிளும் ஆளும் அந்தத் தூணுக்குள் முழுசாக மறைந்துபோகலாம்.

அதோடு நம் ஊர் மூடுபனி. மழைக்குப் போர்த்தும் கறுப்புச் சீட்டு பனிக்குள் தெரியவே தெரியாது. வெள்ளை உரப்பையில் ஒரு துண்டைக் கிழித்து முதுகிலும் சைக்கிள் பின்னாலும் கட்டுங்கள். முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட் கட்டாயம் இருக்கட்டும்.

மூன்றாம் பாடம்: லயக் கணக்கு

ஒரு வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைப்போம். ஒரு செக்கனில் அது ஏறக்குறைய 14 மீற்றர் போய்விடும். லயத்துக் காம்பரா ஒன்று 12 அடி என்றால், ஒரு செக்கனில் நாலு காம்பரா.

சாரதி நம்மைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஏறக்குறைய ஒரு செக்கன் ஆகும். அதற்குள் நாலு காம்பரா முடிந்தது. காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் உள்ள கார் நிற்க இன்னும் நாலு காம்பரா வேண்டும். ஆக எட்டு. ரோடு ஈரமாக இருந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நாலும் எட்டும் பன்னிரண்டு. அதாவது பன்னிரண்டு காம்பரா உள்ள ஒரு முழு லயம்! இது சமதரையில் காருக்கு உள்ள கணக்கு. பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும் லொறிக்கு இதைவிடக் கூடும். அந்தச் சாரதி நல்லவராக இருந்தாலும், மனசு நிற்கச் சொன்னாலும், லொறி நிற்காது.

நம் சைக்கிளும் அப்படித்தான். மழையில் சில்லின் விளிம்பு நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். ஆகவே தோட்டத்துப் பாதையில் இறங்கும்போது மெயின் ரோட்டுக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைத்து இறங்கிவிட வேண்டும்.

நான்காம் பாடம்: கடக்கும் முறை

1. சைக்கிளிலிருந்து இறங்குங்கள். ஏறி உட்கார்ந்தபடி கடக்க வேண்டாம்.

2. வளைவிலும், வளைவுக்குப் பக்கத்திலும் கடக்காதீர்கள். கொஞ்சம் நடந்தாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் நீளமாகத் தெரிகிற இடத்துக்குப் போங்கள். பாதசாரிக் கடவை இருந்தால் அதிலேயே கடவுங்கள்.

3. முதலில் வலது, பிறகு இடது, மறுபடியும் வலது. நமக்குக் கிட்டிய பக்கத்தில் வண்டி வலதிலிருந்துதான் வரும்.

4. காதையும் பாவியுங்கள். பனியில் கண்ணுக்கு முன்னே காதுக்குத்தான் வண்டி வரும். போன் பேசிக்கொண்டோ, பாட்டுக் கேட்டுக்கொண்டோ கடக்க வேண்டாம்.

5. வண்டி நின்றால், சாரதியின் முகத்தைப் பாருங்கள். அவரும் நம்மைப் பார்க்கிறாரா? அதன் பிறகு கால் எடுத்து வையுங்கள். அடுத்த பாதியில் எதிர்ப்பக்க வண்டியும் நின்றதா என்று மறுபடி பாருங்கள்.

6. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராகக் கடவுங்கள். ஓட வேண்டாம், நடுவில் திரும்பவும் வேண்டாம்.

பஸ்ஸிலிருந்து இறங்கினால் பஸ்ஸுக்கு முன்னால் கடக்கவே கூடாது. நிற்கிற பஸ்ஸை முந்திக்கொண்டு வலது பக்கத்தால் மோட்டார் சைக்கிள் வரும். நீங்கள் அதற்குத் தெரியமாட்டீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. பஸ் போன பிறகு கடவுங்கள். ரெண்டு நிமிஷந்தான் செலவு.

வண்டி ஓட்டும் நம் உறவுகளுக்கு

நம் குடும்பங்களிலும் ஆட்டோ, வேன், லொறி ஓட்டும் அண்ணன் தம்பிமார் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிளோடு நிற்கும் பிள்ளையைக் கண்டால் லைட் அடிக்காமல் வேகத்தைக் குறையுங்கள். வழிவிட நினைத்தால் முழுசாக நிறுத்துங்கள். “வா, வா” என்று கூப்பிடாதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பொறுப்பாக முடியாது.

மோட்டார் வண்டி வந்த காலத்திலேயே இந்தத் துயரமும் வந்துவிட்டது. 1896 மே 30 அன்று நியூயோர்க் நகரில் ஈவ்லின் தாமஸ் என்பவரின் சைக்கிளில் ஒரு மோட்டார் வண்டி மோதி, அவருடைய கால் முறிந்தது. அமெரிக்காவில் பதிவான முதல் மோட்டார் விபத்துகளில் அதுவும் ஒன்று. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கைப்படி, வருடத்தில் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் இறக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் நடந்து போகிறவர்களும், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களும்தான். சுற்றிலும் இரும்பு இல்லாதவர்கள்தான் முதலில் சாகிறார்கள்.

அடிபட்டால்

1990 என்ற இலக்கத்துக்குப் போன் செய்யுங்கள். 2016 இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்று தீவு முழுவதும் உண்டு, இலவசம். அம்புலன்ஸ் வரும்வரை, ரோட்டில் வேறு ஆபத்து இல்லாவிட்டால், அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டாம். கழுத்து, முதுகு அசையக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். இரண்டு பேர் மேலும் கீழும் போய் வண்டிகளை நிறுத்தச் சொல்லட்டும்.

வீட்டுப் பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நீங்கள் வழக்கமாகக் கடக்கும் இடத்துக்குப் போங்கள். ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள். வளைவில் ஒரு வண்டி தெரிந்த உடனே “ஆயிரத்து ஒன்னு, ஆயிரத்து ரெண்டு” என்று நிதானமாக எண்ணுங்கள். ஒரு எண்ணிக்கை ஒரு செக்கன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த ரோட்டைக் கடக்க நமக்கு ஆறு, ஏழு செக்கன் வேண்டும். நீங்கள் பத்து எண்ணுவதற்குள் வண்டி உங்களைத் தாண்டிப் போய்விட்டால், அந்த இடம் கடக்கும் இடமல்ல. வேறு இடம் பாருங்கள். பத்து வண்டிக்கு எண்ணிப் பாருங்கள். மழைநாளில் இன்னொரு தரம் எண்ணுங்கள்.

அந்தப் பையன் அடுத்த வருஷம் பரீட்சை எழுதினான். கொஞ்சம் நொண்டி நடக்கிறான். தங்கச்சியை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற வேலை இப்போது அவனுக்குத்தான். ரோட்டோரத்தில் ரெண்டு பேரும் நின்று வாய்விட்டு எண்ணுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு வேன் லைட் அடித்தது. தங்கச்சி கால் எடுத்தாள். அவன் கையைப் பிடித்துச் சொன்னான்: “இரு பாப்பா. சில்லு இன்னும் சுத்துது.”